பஸ்ஸல்டன்: ஒரே கடல் வளர்த்த கடற்கரையும் திராட்சைத் தோட்டங்களும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 220 கிலோமீட்டர் போனால் பஸ்ஸல்டன் வருகிறது. காரில் இரண்டரை மணி நேரப் பயணம். பெர்த் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடாரமும் தூண்டிலும் எடுத்துக்கொண்டு பள்ளி விடுமுறைக்குப் போய்த் தங்கும் ஊர் அது. அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பி அரை மணி நேரம் ஓட்டினால் சாலையின் இருபுறமும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகத் தெரியத் தொடங்கும். அது மார்கரெட் ரிவர் வட்டாரம். ஆஸ்திரேலியாவின் மொத்தத் திராட்சை விளைச்சலில் அதன் பங்கு சில விழுக்காடுதான். ஆனால் கேபர்னே சாவின்யோன், ஷார்டனே ஆகிய இரண்டு வகை ஒயின்களுக்கு அதன் பெயரை உலகம் அறியும்.

பயண ஏற்பாட்டாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனிச் சரக்காக விற்கிறார்கள்: ஒரு நாள் கடல், ஒரு நாள் ஒயின். போகிறவர்களும் அப்படியே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அந்தப் பிரிவினை தவறாகப் படுகிறது. குழந்தைகள் பயமின்றிக் குளிக்கும் அந்த விரிகுடாவையும், ஒயின் சேமிப்பாளர்கள் இருபது ஆண்டு பாதுகாத்து வைக்கும் அந்தப் புட்டிகளையும் ஒரே கடல்தான் உண்டாக்கியது. அது மட்டுமல்ல. விடுமுறை ஊர் ஒன்று பக்கத்தில் இருந்ததாலும் அந்த ஊரில் ஒரு மருத்துவர் இருந்ததாலும்தான் அந்தத் தோட்டங்கள் அங்கே, அந்தக் காலத்தில் முளைத்தன. இந்தத் தொடர்பு தெரிந்து போனால் பார்ப்பதெல்லாம் வேறாகத் தெரியும்.

ஆழமில்லாத விரிகுடா

பஸ்ஸல்டன் இருப்பது ஜியோகிராஃப் விரிகுடாவின் கரையில். கண்டத்தின் இந்த ஓரம் பொதுவாக மேற்குப் பார்த்த கரை. இந்த விரிகுடாவோ வளைந்து வடக்கைப் பார்க்கிறது. தென்கடலின் புயல்களில் பிறந்து தென்மேற்கிலிருந்து ஓடிவரும் பேரலைகளை நேச்சுரலிஸ்ட் முனை தோள்கொடுத்துத் தடுத்துவிடுகிறது. முனைக்கு மேற்கே யாலிங்கப் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரர்களுக்கே நெஞ்சு படபடக்கும் அலை எழும்போது, கிழக்கே பஸ்ஸல்டனில் கடல் ஏரியைப் போலக் கிடக்கும்.

இந்த விரிகுடாவுக்கும் முனைக்கும் பெயர் வந்தது 1801இல் நிக்கொலா போதான் தலைமையில் வந்த பிரெஞ்சு ஆய்வுப் பயணத்தின் இரண்டு கப்பல்களிலிருந்து. அந்தக் கரையில் இறங்கிய திமோத்தே வாஸ் என்ற மாலுமி அந்த ஆண்டு ஜூன் மாதம் அலையில் அடித்துச் செல்லப்பட்டார். ஊரின் நடுவே ஓடும் ஆறு இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. பின்னால் ஒரு திராட்சைத் தோட்டமும் அதைத் தாங்கப் போகிறது.

ஆழமில்லாத கடல் குளிப்பவர்களுக்கு வரம், கப்பல்களுக்குச் சாபம். 1830களில் குடியேறிய ஆங்கிலேயர்கள் காட்டில் ஜாரா, காரி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்ய நினைத்தபோது கப்பல் கரையை நெருங்க முடியவில்லை. அதனால் கடலுக்குள் மரப்பாலம் கட்டினார்கள். 1865இல் முதல் பகுதி திறக்கப்பட்டது. அப்போது அதன் நீளம் 160 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. மணல் சேரச் சேர, கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, பாலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அப்படி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நீட்டியதில் 1841 மீட்டர் ஆனது. தென் அரைக்கோளத்தில் இதைவிட நீளமான மரக் கடற்பாலம் இல்லை. பெருமைக்காக யாரும் அந்த நீளத்துக்குக் கட்டவில்லை. கடல் அவ்வளவு ஆழம் குறைந்தது என்பதன் அளவு அது.

1970களின் தொடக்கத்தில் துறைமுகம் மூடப்பட்டது. வணிகம் வடக்கே பன்பரி துறைமுகத்துக்குப் போய்விட்டது. 1978 ஏப்ரலில் ஆல்பி புயல் வந்து பாலத்தின் கரையோரப் பகுதியில் பெரும் நீளத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. அரசுக்குப் பயனில்லாத, பழுதுபார்க்கப் பணம் கேட்கும் மரக்கட்டைக் குவியல் அது. இடித்துவிடுவதே எளிய வழியாக இருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. நிதி திரட்டினார்கள், குழு அமைத்தார்கள், அரசிடம் வாதாடினார்கள். 1999இல் தீப்பிடித்து ஒரு பகுதி கருகியபோதும் கைவிடவில்லை. பெரிய அளவிலான புதுப்பிப்பு 2011இல் முடிந்தது. இன்று அந்தப் பாலத்தின்மீது ஒரு சிறு ரயில் ஓடுகிறது. நடக்க விரும்புகிறவர்கள் நடக்கிறார்கள். சுற்றுலா ஊர்களில் பழைய கட்டுமானங்களைக் காப்பாற்றிய கதைகள் பல உண்டு. ஊர்மக்களே முப்பது ஆண்டுக்கு மேல் விடாமல் பற்றிக்கொண்டு நின்ற இந்தக் கதைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

பாலத்தின் கோடியில் 2003இல் கடலடிக் காட்சிக்கூடம் ஒன்று திறந்தார்கள். சுழல்படியில் இறங்கினால் நீர்மட்டத்துக்கு எட்டு மீட்டர் கீழே போய்க் கண்ணாடி வழியே பாலத்தின் தூண்களைப் பார்க்கலாம். தூண் முழுவதும் ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் நிறங்களில் மென்பவளங்களும் கடற்பஞ்சுகளும் அப்பியிருக்கின்றன. இந்த இடம் பூமத்திய ரேகையிலிருந்து 33 பாகைக்கும் மேல் தெற்கே இருக்கிறது. இவ்வளவு தெற்கே இத்தனை வெப்பமண்டல உயிர்கள் வாழக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பாலம் தரும் நிழல். மற்றொன்று, லூவின் நீரோட்டம்.

அந்த நீரோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரையையும் தோட்டத்தையும் இணைக்கும் முடிச்சு அதுதான். தென் அரைக்கோளத்தில் கண்டங்களின் மேற்குக் கரையோரம் பொதுவாகக் குளிர்ந்த நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையிலும், ஆப்பிரிக்காவின் நமீபியாக் கரையிலும் அப்படித்தான்; அந்தக் கரைகள் பாலைவனமாகக் கிடப்பதற்கும் அதில் பங்குண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் முறை மாறுகிறது. இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளிகள் வழியாகப் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து, கரையை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அதன் வேகம் அதிகம். அதனால் கரையோரக் குளிர்காலம் மிதமாகிறது. ஈரக்காற்று மழையாக இறங்குகிறது. கோடையில் தென்காற்று வலுக்கும்போது கரையை ஒட்டி ஒரு குளிர்ந்த ஓட்டம் எதிர்த்திசையில், வடக்கு நோக்கி எழுகிறது. குளிரில் வெதுவெதுப்பு, வெயிலில் குளிர்ச்சி. பாலத்தின் தூணில் பவளத்தை ஒட்டவைத்த அதே நீர், மேட்டில் இருக்கும் கொடிக்குப் பனிக்கடியிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

கடல் சூழ்ந்த மேடு

நேச்சுரலிஸ்ட் முனைக்கும் தெற்கே லூவின் முனைக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு ஓடுகிறது. அடியில் மிகப் பழைய கருங்கல் வகைப் பாறை. அதன்மேல் கரையோரமாகச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் அரித்ததால் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உருவாயின. அவற்றில் சில மக்கள் பார்க்கத் திறந்திருக்கின்றன. மேட்டின் வழியாக வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கே குகைச் சாலை என்றுதான் பெயர்.

வடக்கே விரிகுடா, மேற்கே இந்தியப் பெருங்கடல், தெற்கே தென்கடல் என மூன்று பக்கமும் நீர். அதனால் இங்கே ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு, ஆஸ்திரேலியாவின் மற்ற ஒயின் வட்டாரங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை விழுந்துவிடும். பழம் பழுக்கும் காலம் வறண்டிருக்கும்.

இதெல்லாம் இன்று பாடப்புத்தகச் செய்தி. 1960களின் தொடக்கத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போது மார்கரெட் ரிவர் வசதி குறைந்த, மறக்கப்பட்ட வட்டாரம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து காட்டை வெட்டிப் பால்பண்ணை வைக்கச் சொன்ன குழுக் குடியேற்றத் திட்டம் 1920களில் இங்கே நடந்தது. ராட்சத மரங்களைக் கையால் வெட்டி, சத்துக் குறைந்த மண்ணில் புல் வளர்க்கப் போராடி, பல குடும்பங்கள் நொந்து வெளியேறின. மிஞ்சியவர்கள் மாடு வளர்த்தார்கள். கௌரமப் என்ற சிற்றூரின் கடைத்தெருவில் இன்று மாட்டுச் சிலைகள் நிற்கின்றன. புகைப்படம் எடுக்கும் பயணிகளுக்கு அவை விளையாட்டு. அந்தப் பால்பண்ணைக் காலத்தின் உழைப்பையும் இழப்பையும் அறிந்தவர்களுக்கு அவை வேறு பொருளும் தரும்.

மூன்று மருத்துவர்களும் ஒரு பயறு ஆராய்ச்சியாளரும்

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிவியலாளர் இருந்தார். அவருடைய தொழில்முறை ஆராய்ச்சி லூபின் என்னும் பயறு வகைச் செடி பற்றியது. ஒயின் அவருக்குத் தனி ஆர்வம். 1950களின் நடுவில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த திராட்சை வல்லுநர் ஹரால்டு ஓல்மோ, மாநிலத்தின் தெற்கிலுள்ள மவுண்ட் பார்க்கர், ஃபிராங்க்லாண்ட் பகுதிகளில் நல்ல ஒயின் விளையலாம் என்று சொல்லிப் போயிருந்தார். கிளாட்ஸ்டோன்ஸ் வானிலைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஓல்மோ சொன்ன இடங்களுக்கு மேற்கே கை காட்டியது. பஸ்ஸல்டனுக்கும் மார்கரெட் ரிவருக்கும் இடைப்பட்ட நிலத்தில் உறைபனி அபாயமும் ஆலங்கட்டி அபாயமும் குறைவு, வெப்பம் சீரானது, பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரமான போர்தோவின் செந்த்-எமிலியோன், பொமெரோல் பகுதிகளோடு இதை ஒப்பிடலாம். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இத்தகைய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் நூலகத்திலேயே தங்கிவிடும். இது அப்படித் தங்காமல் போனதற்கு விடுமுறை ஊரும் ஒரு காரணம். பஸ்ஸல்டனில் குடும்ப மருத்துவராக இருந்தவர் கெவின் கல்லன். அவரும் அவர் மனைவி டயானாவும் மார்கரெட் ரிவர் வட்டாரத்திலுள்ள வில்யாப்ரப்பில் ஆடுமாடு வளர்க்கும் நிலம் வைத்திருந்தார்கள். அந்த நிலத்தில் லூபின் போடலாமா என்று நண்பர் கிளாட்ஸ்டோன்ஸிடம் கேட்கப்போய், திராட்சை போடுங்கள் என்ற பதில் கிடைத்ததாகக் கல்லன் குடும்பம் சொல்கிறது. 1966இல் பஸ்ஸல்டனில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. அங்கே வந்து கிளாட்ஸ்டோன்ஸ் தம் கருத்தை உள்ளூர் விவசாயிகளின் முன் வைத்தார்.

அதே 1966இல் அதே கெவின் கல்லன் இன்னொன்றும் தொடங்கினார். பஸ்ஸல்டனில் வாழும் வயதுவந்தோர் அனைவரையும் அழைத்து உடல்நலப் பரிசோதனை செய்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்து பதிவுகளை வளர்க்கும் திட்டம் அது. ஒரு முழு ஊரையே நீண்ட காலம் தொடர்ந்து ஆராயும் உலகின் முக்கியமான மக்கள்நல ஆய்வுகளில் ஒன்றாகப் பஸ்ஸல்டன் ஆய்வு வளர்ந்தது. இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை நோய் பற்றிய ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் போவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. ஒரு சிற்றூர் மருத்துவர் ஒரே ஆண்டில் இரண்டு பெரும் வேலைகளுக்கு விதை போட்டார். இரண்டிலும் மனப்போக்கு ஒன்றுதான்: பொறுமையாக அளந்து, பல ஆண்டு காத்திருப்பது.

ஆனால் விற்பனைக்கான கொடியை முதலில் நட்டவர் கல்லன் அல்ல. பெர்த்தில் இதய மருத்துவராக இருந்த டாம் கல்லிட்டி, கிளாட்ஸ்டோன்ஸின் கட்டுரையைப் படித்துவிட்டு வார இறுதிகளில் தெற்கே வந்து இடம் இடமாகக் குழி தோண்டி மண் பார்த்தார். 1967இல் வில்யாப்ரப்பில் நட்டார். அந்தத் தோட்டத்துக்கு அவர் வைத்த பெயர் வாஸ் ஃபீலிக்ஸ். விரிகுடாவில் தொலைந்த மாலுமியின் பெயரோடு நல்லூழைக் குறிக்கும் லத்தீன் சொல்லைச் சேர்த்தார். பில் பன்னல் என்ற இன்னொரு மருத்துவர் 1969இல் மாஸ் வுட் தோட்டத்தைத் தொடங்கினார். கல்லன் தம்பதி 1971இல் பெரிய அளவில் நட்டார்கள். வில்யாப்ரப்பின் முதல் மூன்று முக்கியத் தோட்டங்களுக்கும் பின்னால் ஒவ்வொரு மருத்துவர் இருந்தார். மருத்துவர்களிடம் ஓரளவு சேமிப்பு இருந்தது, அறிவியல் கட்டுரையை நம்பும் பழக்கம் இருந்தது, வார இறுதியில் வந்துபோகத் தோதான தூரத்தில் ஒரு கடற்கரையும் இருந்தது. முழுக்க விவசாயத்தை நம்பி வாழ்ந்த ஒருவர் ஐந்தாறு ஆண்டு வருமானமில்லாமல் இந்தச் சூதில் இறங்கியிருக்க முடியாது.

மாரி மரம் பூத்தால்

கிளாட்ஸ்டோன்ஸ் மண்ணைப் பற்றி எழுதும்போது ஓர் எளிய அடையாளத்தையும் தந்தார். மாரி மரம் செழித்து வளரும் இடத்தைப் பாருங்கள் என்றார். மாரி இந்தத் தென்மேற்கு மூலைக்கே உரிய யூகலிப்டஸ் இன உறவு. சிவந்த பிசின் கசியும் பெருமரம். சரளைக்கல் கலந்த, நீர் தேங்காத, ஆனால் ஆழத்தில் ஈரம் பிடித்துவைக்கும் செம்மண்ணில் அது ஓங்கி வளரும். கொடிக்கு வேண்டியதும் அந்த மண்தான்.

இந்த மரம் வேறொரு வழியிலும் தோட்டக்காரர்களின் விதியை எழுதுகிறது. கல்லிட்டியின் முதல் அறுவடை 1971இல் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட வராமல் போனது என்பதே சரி. கொடிகளில் பழம் பழுத்ததும் சிறு பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பூக்களைச் சுற்றிப் பறக்கும் வெள்ளைக்கண்ணியின் இனத்தைச் சேர்ந்த பறவை அது. பழத்தைக் கொத்தித் துளையிட்டுவிட்டுப் போகும். துளை வழியே அழுகல் புகும். பறவையும் அழுகலும் சேர்ந்து அந்த ஆண்டை அழித்தன. கல்லிட்டி ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார், அதைக் கண்டு சிறு பறவைகள் அஞ்சும் என்று. அவிழ்த்துவிட்டதும் வல்லூறு பறந்தது, திரும்பி வரவேயில்லை. அடுத்த ஆண்டு நல்ல ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் கிடைத்தது. அந்த வல்லூறு இன்றும் வாஸ் ஃபீலிக்ஸ் புட்டியின் முகப்பில் இருக்கிறது.

தீர்வு காட்டிலேயே இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. மாரி மரம் பூப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில், திராட்சை பழுக்கும் அதே நாள்களில். மாரி நிறையப் பூத்த ஆண்டில் பறவைகள் தேனுக்காகக் காட்டிலேயே தங்கிவிடுகின்றன. பூக்காத ஆண்டில் பசியோடு தோட்டத்துக்குள் நுழைகின்றன. இப்போது கொடிகளின்மேல் வலை விரிக்கிறார்கள். செலவு பிடித்த வேலை. வலை இருந்தாலும், மாரி எப்படிப் பூத்திருக்கிறது என்று அண்ணாந்து பார்க்காத தோட்டக்காரர் இங்கே இருக்க முடியாது. நம் ஊரில் மாம்பூவைப் பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிப்பதைப் போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பார்ப்பது தம் பயிரின் பூவை அல்ல, பக்கத்துக் காட்டின் பூவை. காட்டை முழுக்க வெட்டியிருந்தால் திராட்சையும் தங்கியிருக்காது.

கடற்காற்றின் கையும் ஒயினில் உண்டு. வசந்தத்தில் கொடி பூக்கும்போது மேற்கிலிருந்து வரும் பலத்த காற்றும் மழையும் பூக்களைக் கெடுக்கும். காய் சமமாகப் பிடிக்காது. இந்த வட்டாரத்தின் ஷார்டனே பெரும்பாலும் ஜின்ஜின் என்று பெயர்பெற்ற ஒரு தேர்வு வகையிலிருந்து வருகிறது. அது இயல்பாகவே ஒரே குலையில் பெரிய மணியும் மிளகளவுச் சிறு மணியும் கலந்து காய்க்கும். விளைச்சல் குறையும், ஆனால் பெரிய மணிகளைவிடச் சிறு மணிகளில் தோலின் விகிதம் கூடுதல் என்பதால் சுவை செறிவாக அமையும். அமெரிக்க ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவி 1970களில் வழிகாட்டிய லூவின் எஸ்டேட் தோட்டம், இந்த ஷார்டனேயால்தான் உலகப் புகழ் பெற்றது. கேபர்னேவுக்குப் பெயர் வாங்கித் தந்ததில் டேவிட் ஹோனனின் கேப் மென்டெல் தோட்டம் முன்னால் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் பெரிதாக மதிக்கப்பட்ட ஒயின் பரிசான ஜிம்மி வாட்சன் கோப்பையை அது 1983இலும் 1984இலும் அடுத்தடுத்து வென்றது. முதல் கொடி நட்டுப் பதினேழு ஆண்டுகளுக்குள் இது நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒயின் உலகில் பதினேழு ஆண்டு மிகக் குறுகிய காலம்.

வட்டாரத்தின் சட்டபூர்வ எல்லை கிழக்கே ஒரு தீர்க்கரேகையில் நிற்கிறது. அதை கிளாட்ஸ்டோன்ஸ் கோடு என்பார்கள். பஸ்ஸல்டன் ஊர் அந்தக் கோட்டுக்குச் சற்றே கிழக்கே விழுகிறது. கூட்டம் நடந்த ஊரும் அந்த மருத்துவரின் மருத்துவமனையும் வரைபடத்தில் மார்கரெட் ரிவருக்கு வெளியே, ஜியோகிராஃப் என்ற இன்னொரு ஒயின் வட்டாரத்தில் இருக்கின்றன.

எப்போது, எப்படிப் போவது

இந்த நிலத்தின் முதல் மக்கள் நூங்கர் இனத்தின் வடாண்டி பிரிவினர். அவர்களுடைய நாள்காட்டியில் ஆண்டுக்கு ஆறு பருவங்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த நான்கு பருவக் கணக்கைவிட அது இங்கே நன்றாகப் பொருந்துகிறது; பயணத் தேதி குறிக்கவும் அதுவே உதவும். பிப்ரவரி, மார்ச் மாதங்களைக் கொண்ட புனுரு கடும் வெயில் காலம். மாரி பூக்கும், அறுவடை தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களின் ஜெரன் பருவத்தில் வெயில் தணியும். இந்த இரண்டும் சந்திக்கும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம்தான் என் தேர்வு. கடல்நீர் அப்போதும் குளிராது, சிவப்புத் திராட்சை இறங்கிக்கொண்டிருக்கும், புளிக்கும் பழச்சாற்றின் மணம் தோட்டங்களைச் சுற்றி நிற்கும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முடியும் வரை ஊர் நிரம்பி வழியும். அறை வாடகையும் ஏறும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை போனால் காட்டுப்பூக்களும், குட்டியோடு தெற்கே திரும்பும் வழியில் அமைதியான விரிகுடாவில் இளைப்பாறும் கூனல்முதுகுத் திமிங்கிலங்களும் கிடைக்கும். டன்ஸ்பரோ ஊரிலிருந்து படகு போகும். நேச்சுரலிஸ்ட் முனையில் நின்றுகொண்டும் பார்க்கலாம்.

தோட்டங்களைப் பார்க்கப் பொதுப் போக்குவரத்து இல்லை என்றே சொல்லலாம். ஓட்டுநரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டை எட்டினால் குற்றம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்குத் துளியும் கூடாது. காவலர்கள் சாலையில் எவரையும் நிறுத்திச் சோதிப்பார்கள். சுவைக் கூடங்களில் துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள். வாயில் வைத்துச் சுவைத்துத் துப்புவது அங்கே இழுக்கல்ல, தொழில் தெரிந்தவர்கள் செய்வது. ஆனாலும் ஐந்தாறு இடங்களில் சுவைத்துவிட்டு ஓட்டுவது ஆபத்து. குழுவாகப் போனால் வாகனத்தோடு ஓட்டுநரை அமர்த்திக்கொள்வதே அறிவு. ஒரு நாளில் மூன்று தோட்டங்களுக்கு மேல் போனால் நாக்கும் நினைவும் மழுங்கிவிடும். குகைச் சாலையில் டாம் கல்லிட்டியின் பெயர் தாங்கிய சாலை பிரியும் இடத்தில் வாஸ் ஃபீலிக்ஸ் இருக்கிறது. அங்கே ஓவியக் கூடமும் உண்டு. கல்லன் தோட்டமும் மாஸ் வுட்டும் தொலைவில் இல்லை. இந்த ஒரு துண்டு நிலத்திலேயே வட்டாரத்தின் தொடக்கக் காலத்தைப் பார்த்துவிடலாம்.

மது அருந்தாதவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்க்க வேண்டியதில்லை. பெர்த்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே விடுமுறைக்குப் போகின்றன. அவர்களில் ஒயினைத் தொடாதவர்களும் உண்டு. குகைகள் இருக்கின்றன. போரனப் காரிக் காடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களுக்குப் பாவுகட்டையாகப் போவதற்காக முழுக்க வெட்டப்பட்டு, தானாகவே மீண்டும் முளைத்து, இன்று அறுபது மீட்டர் உயரம் தொடும் மரங்களோடு நிற்கும் காடு அது. என் கணிப்பில் இந்த வட்டாரத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான். பஸ்ஸல்டனுக்கும் கேப்பலுக்கும் இடையே லட்லோவில் டுவார்ட் மரங்களின் உயர்ந்த காடு மிஞ்சியிருக்கிறது. அவ்வளவு உயரமான டுவார்ட் காடு வேறெங்கும் இல்லை.

கடலைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. விரிகுடாவில் பழகிவிட்டு மேற்குக் கரைக்கும் அதே நம்பிக்கையோடு போகக் கூடாது. பிரெவெலி, யாலிங்கப் கரைகளில் அலையும் இழுவையும் கடுமையானவை. சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் நிழலுக்காக உட்காரவே கூடாது. 1996 செப்டம்பரில் கிரேஸ்டவுனில் பள்ளி மாணவர்களின் அலைச்சறுக்குப் போட்டியைப் பார்க்கக் குன்றடியில் ஒதுங்கியிருந்தவர்கள்மீது பாறை சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

பஸ்ஸல்டனுக்குக் கிழக்கே வொன்னரப் என்ற இடத்தில் பழைய பண்ணை வீடு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அழகான வீடு. 1841இல் அங்கே ஜார்ஜ் லேமன் என்ற குடியேறி வடாண்டி மனிதர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, ஊருக்குப் பெயர் தந்த பஸ்ஸல் குடும்பத்தினரும் ஜான் மொலாய் என்ற அதிகாரியும் சேர்ந்து வடாண்டி மக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். இதை அறியாமல் அந்தப் புல்வெளியில் தேநீர் அருந்திவிட்டு வருவது நியாயமாகாது. இன்று வடாண்டி வழிவந்தவர்களே நடத்தும் குகைப் பயணங்களும் காட்டு நடைகளும் யாலிங்கப் அருகே உண்டு. அவற்றில் ஒன்றையாவது பயணத்தில் சேர்க்கச் சொல்வேன்.

சுருங்கும் மழை

தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை 1970க்குப் பிறகு 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. கிளாட்ஸ்டோன்ஸ் கணக்குப் போட்டது அதற்கு முந்தைய பதிவுகளை வைத்து. வெப்பம் கூடக் கூட அறுவடையும் முன்னே நகர்கிறது. இதுவரை அந்த மேட்டைக் கடல் ஓரளவு காத்துவருகிறது. அதே கடல் பஸ்ஸல்டனின் மணல் கரையை அரித்துக்கொண்டும் இருக்கிறது. ஊராட்சி தடுப்புச் சுவர்களையும் மணல் நிரப்புதலையும் கொண்டு கரையைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது.

காடு காய்வதால் நெருப்பும் பெருங்கவலை. பெருந்தீயைத் தடுக்க, காட்டின் அடியில் சேரும் சருகை அரசுத் துறையினர் திட்டமிட்டுச் சிறுசிறு பகுதியாக எரிப்பது இங்கே வழக்கம். 2011 நவம்பரில் அப்படி வைத்த தீ ஒன்று கைமீறி மார்கரெட் ரிவரை ஒட்டிய கரையோரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. 1865இல் கட்டிய வால்கிளிஃப் மாளிகையும் போனது. எரிக்காமல் விட்டால் விடுமுறை ஊர்கள் ஆபத்தில் நிற்கும். கோடை முடிவில் எரித்தால் புகை கொடிக்கு வரும். பழுக்கத் தொடங்கிய திராட்சை புகையின் வேதிப்பொருள்களை உறிஞ்சிவிடும். பழத்தில் தெரியாத சாம்பல் சுவை, புளித்து ஒயினானபின் மேலெழும். ஆண்டு முழுவதும் செய்த வேலை வீண். ஆகவே இலையுதிர் காலத்தில் எரிப்பைத் தொடங்கும் நாளை ஒயின் தயாரிப்பாளர்கள் அறுவடை முடியும் வரை தள்ளிவைக்கக் கேட்கிறார்கள். மழை தொடங்கிவிட்டால் சருகு நனைந்து எரியாது என்கிறது துறை. கடைசிச் சிவப்புத் திராட்சை இறங்குவதற்கும் முதல் குளிர்கால மழை விழுவதற்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களுக்குள் இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது.